அரசன் போனான், குற்றம் போகவில்லை

இராஜத்துரோகம் என்று ஒரு சொல் இருந்தது. வெள்ளையன் ஆண்ட நாளில் நம் ஏடுகள் அதை அச்சிட்டன; நீதிமன்றங்களில் அது ஒலித்தது; கைவிலங்கோடு சென்றவர்களை நிழல்போல் அது தொடர்ந்தது. அரசனுடைய ஆட்சியை இகழ்ந்தான், ஆகவே குற்றவாளி - இதுதான் அச்சொல்லின் பொருள். கொடிய சொல்தான். ஆயினும் ஒரு வகையில் நேர்மையான சொல். யாருக்கு வலித்தது என்பதை அது மறைக்கவில்லை. வலித்தது அரசனுக்கு, அடித்தது அரசனின் கை.

இன்று அச்சொல் வழக்கொழிந்துவிட்டது. அதன் இடத்தில் தேசத்துரோகம் என்ற சொல் வந்து அமர்ந்திருக்கிறது. அரசின் திட்டத்தைக் குறை கூறினானா? தேசத்துரோகி! அணுஉலை வேண்டாம் என்றானா? தேசத்துரோகி! சாராயக் கடையை மூடு என்று பாடினானா? தேசத்துரோகி! சொல்லின் முன்பாதி மாறிவிட்டது, பின்பாதி மாறவில்லை. அரசன் இறங்கிப்போன அரியணையில் தேசத்தை ஏற்றி வைத்துவிட்டு, அதன் முதுகுக்குப் பின்னே ஆட்சியாளர் ஒளிந்துகொள்கின்றனர். பழிக்கப்பட்டது ஆட்சி, பழி வந்ததாகச் சொல்லப்படுவதோ நாட்டுக்கு! இந்தச் சொல்மாற்றத்தின் உள்ளே இருக்கும் கருத்துமாற்றத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. எங்கள் தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரம் வட்டத்தில், பாப்பாரப்பட்டி என்னும் ஊர் இருக்கிறது. சேலத்திலிருந்து 1965-இல் எங்கள் மாவட்டம் பிரிக்கப்படுவதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பு, 1925 சூலை 23-ஆம் நாள், அவ்வூரில் ஒரு மனிதர் உயிர் நீத்தார். வயது நாற்பது. உடலெங்கும் தொழுநோய். அவர் பெயர் சுப்பிரமணிய சிவா.

வத்தலக்குண்டில் 1884-இல் பிறந்தவர். தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனாரோடு சேர்ந்து மேடையேறியவர். கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்த 1908-ஆம் ஆண்டில் அவர்கள் பக்கம் நின்று முழங்கியவர். அவ்வாண்டு மார்ச்சு 12-இல் அவரும் வ.உ.சி.யும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. காவலரின் துப்பாக்கிக்கு நால்வர் பலியாயினர். சூலை மாதம் நீதிபதி பின்ஹே தீர்ப்புரைத்தார். சிவாவுக்குப் பத்தாண்டு. வ.உ.சி.க்கு அவருடைய பேச்சுக்காக இருபதாண்டு. சிவாவுக்கு உடந்தையாக இருந்தமைக்காக மேலும் ஓர் இருபதாண்டு! உயர்நீதிமன்றம் பின்னர்த் தண்டனையைக் குறைத்து, சிவாவுக்கு ஆறாண்டு என ஆக்கியது. 1912-இல் அவர் வெளியே வந்தபோது, சிறை அவருக்குக் கொடுத்தனுப்பிய பரிசு தொழுநோய். அந்நோயைக் காட்டி அவர் இரயிலேறக் கூடாதென்று தடுத்தது வெள்ளை ஆட்சி. அவர் நடந்தார், மாட்டு வண்டியில் சென்றார், ஊர் ஊராகப் பேசினார். 1921-இல் மீண்டும் சிறை.

இன்று அவர் யார்? தேசபக்தர், தியாகி, வீரர். பாடநூலில் அவர் பெயர் இருக்கிறது. பாப்பாரப்பட்டியில் மணிமண்டபம் இருக்கிறது. அன்று அவர் யார்? நீதிமன்றத்தின் ஏட்டில், இராஜத்துரோகக் குற்றவாளி. இரண்டு பெயரும் அவருக்கு வாய்த்தது இரண்டு வேறு செயல்களுக்காகவா? இல்லை, ஒரே பேச்சுக்காக! எந்தச் சொற்களுக்காகச் சிறையோ அதே சொற்களுக்காகச் சிலை!

வரலாற்றுப் பாடம் நடத்துகிறவர்கள் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகிறோம். அவரைச் சிறையிட்டது அந்நிய ஆட்சி என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். மாணவன் அதை எழுதி மதிப்பெண் பெற்றுவிடுகிறான். ஆட்சி அந்நியருடையதாக இருந்தது தவறுதான். ஆனால் அந்த ஆட்சி தன்னைக் காத்துக்கொள்ள ஏந்திய சட்டம் எத்தகையது, அதை ஏந்தும் கை நம்முடையதானால் அது நல்ல சட்டம் ஆகிவிடுமா என்ற வினாவை வகுப்பறையில் நாம் எழுப்புவதில்லை. எழுப்பத்தான் வேண்டும்.

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124-ஏ பிரிவு 1870-இல் சேர்க்கப்பட்டது. அரசாங்கத்தின்பால் மக்களுக்கு அன்பின்மையைத் தூண்டுவது குற்றம் என்பது அதன் உட்கிடை. 1897-இல் திலகர் வழக்கை விசாரித்த நீதிபதி ஸ்ட்ரேச்சி, அன்பு இல்லாமையே போதும் என்கிற அளவுக்கு அப்பிரிவை விரித்தார். எண்ணிப் பாருங்கள்! கொலை செய்யாதே என்று சட்டம் கட்டளையிடலாம்; திருடாதே எனலாம்; தீ வைக்காதே எனலாம். என்மேல் அன்பு வை என்று சட்டம் கட்டளையிட முடியுமோ? காவல் நிலையத்தில் அன்பை அளக்கும் கோல் உண்டோ? 1922-இல் இதே பிரிவின்கீழ்க் கூண்டில் நின்ற காந்தியார், அன்பைச் சட்டத்தால் உண்டாக்க முடியாது என்று நீதிபதியின் முகத்துக்கு நேரே எடுத்துரைத்தார். நீதிபதி அவரைப் பாராட்டினார். பாராட்டிவிட்டு ஆறாண்டுத் தண்டனையும் விதித்தார்.

நம் தந்தை பெரியாரும் இதற்குத் தப்பவில்லை. அன்றைய ஆட்சிமுறை ஏன் ஒழியவேண்டும் என்று 1933-இல் 'குடி அரசு' ஏட்டில் எழுதிய தலையங்கத்துக்காக அவர்மேலும், வெளியிட்டவர் என்ற முறையில் அவர் தங்கை கண்ணம்மாள்மேலும் வழக்குத் தொடர்ந்தனர், இருவரும் தண்டிக்கப்பட்டனர். தேசியம் பேசிய சிவாவும், அத்தேசியத்தை மறுத்துரைத்த பெரியாரும் அடிப்படையில் வேறுபட்டவர்கள். ஒருவர் கொள்கையை மற்றவர் ஏற்கமாட்டார். ஆனால் அரசின் கண்ணுக்கு இருவரும் ஒன்றுதான். ஆட்சியைக் கேள்வி கேட்ட இருவர்! அவ்வளவே!

விடுதலை வந்தது. அரசியல் நிர்ணய சபையில், பேச்சுரிமையைத் தடுக்கும் காரணங்களுள் ஒன்றாக வரைவில் இருந்த அந்தச் சொல்லை, 1948 டிசம்பரில் உறுப்பினர் நீக்கினர். பாராட்டத்தக்க செயல். அரசியல் சட்டத்திலிருந்து சொல் போயிற்று. தண்டனைச் சட்டத்திலோ பிரிவு நீடித்தது! 1951-இல் பிரதமர் நேருவே அப்பிரிவு வெறுக்கத்தக்கதென்று நாடாளுமன்றத்தில் கூறினார். கூறினார், ஆனால் நீக்கவில்லை. 1962-இல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம், வன்முறையைத் தூண்டுவதும் பொது அமைதியைக் குலைக்க முற்படுவதுமே இப்பிரிவுக்குள் வரும், அரசைக் கடுமையாகக் கண்டிப்பது மட்டும் வராது என வரம்பு கட்டியது. வரம்பு ஏட்டில் இருந்தது. வழக்குகளோ வரம்பைத் தாண்டி ஓடின.

அதைக் காட்ட வடநாட்டுக்குப் போகவேண்டாம். நம் வீட்டையே பார்ப்போம். சிவாவும் வ.உ.சி.யும் தண்டிக்கப்பட்ட அதே திருநெல்வேலி மாவட்டத்தில், கூடங்குளம் அணுஉலையை எதிர்த்து இடிந்தகரை மக்கள் 2011-இலும் 2012-இலும் போராடினர். மீனவர்கள், பீடி சுற்றும் பெண்கள், பிள்ளைகளைத் தூக்கிவந்த தாய்மார்கள். ஆயிரக்கணக்கானோர்மீது 124-ஏ பாய்ந்தது! 1908-இல் ஒருசிலர்மேல் பாய்ந்த பிரிவு, நூறாண்டு கழித்து, விடுதலை பெற்ற நாட்டில், ஊர் முழுவதன்மேலும் பாய்ந்தது. போராடியவர்கள்மேல் உள்ள வழக்குகளைத் திரும்பப்பெற முயலவேண்டும் என்று 2013-இல் உச்சநீதிமன்றமே சொல்ல நேர்ந்தது. 2015 அக்டோபரில், அரசு நடத்தும் மதுக்கடைகளை மூடச்சொல்லிப் பாடிய பாடகர் கோவன் இதே பிரிவில் கைது செய்யப்பட்டார். பாட்டுக்குத் துரோக வழக்கு!

அப்போது கோட்டையில் இருந்தது யார்? வெள்ளையனா? டில்லிக்காரனா? அண்ணாவின் உருவத்தைக் கொடியிலும் பெயரைக் கட்சியிலும் தாங்கிய ஆட்சி! அது மட்டுமா? 2009-இல் ஆற்றிய ஓர் உரைக்காக வைகோவின்மேல் இதே பிரிவில் வழக்குப் போட்டதும் திராவிட இயக்கத்தின் மற்றொரு கிளை ஆண்ட காலத்தில்தான். 2019-இல் அவருக்கு ஓராண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. எதிரியின் கையிலிருக்கும் வாளைக் கண்டிப்பது எளிது. நம் உறையிலிருக்கும் வாளைக் கண்டிப்பதே பகுத்தறிவாளனுக்கு அழகு. எதிர்க்கட்சியாக இருக்கும்போது கருத்துரிமை, ஆளுங்கட்சியானதும் காவல்துறை என்று இருப்போமாயின், பெரியாரும் அண்ணாவும் நமக்குச் சுவரில் மாட்டும் படங்களே.

2022 மே 11-இல் உச்சநீதிமன்றம் 124-ஏ பிரிவை நிறுத்தி வைத்தது. 2024 சூலை முதல் நாளன்று தண்டனைச் சட்டமே மாற்றப்பட்டு, பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. இராஜத்துரோகம் ஒழிந்தது என்று முரசறைந்தனர். ஒழிந்ததா? புதிய சட்டத்தின் 152-ஆம் பிரிவைப் படித்துப் பார்க்கவேண்டும். பழைய பிரிவில் ஆயுள் தண்டனை, இல்லையேல் மூன்றாண்டு வரை சிறை. புதிய பிரிவில் ஆயுள் தண்டனை, இல்லையேல் ஏழாண்டு வரை சிறை! பெயர் மெலிந்தது; தண்டனை பருத்தது. ஆயுதக் கிளர்ச்சியைத் தூண்டுவது குற்றம் என்கிறது அது. அதில் தகராறு இல்லை. ஆனால் அத்துடன் நிற்கவில்லை. பிரிவினை உணர்வுகளை ஊக்குவிப்பதும் குற்றம் என்கிறது. உணர்வு! 1870-இல் அன்பின்மை என்ற உணர்வைத் தேடினான் வெள்ளையன். இன்றும் சட்டம் உணர்வைத்தான் தேடுகிறது. தன் மொழிக்கு உரிய இடம் கேட்பவனிடம் எந்த உணர்வு இருக்கிறது? தன் மாநிலத்துக்கு உரிய நிதி கேட்பவனிடம் எந்த உணர்வு இருக்கிறது? அதைக் கண்டு சொல்பவர் காவல் நிலையத்து அலுவலர்! அரசின் நடவடிக்கைகளைச் சட்டவழியில் மாற்றக் கருதிக் குறைகூறுவதற்கு விளக்கம் ஒன்றில் இடம் விட்டிருக்கின்றனர். அவ்விளக்கம் பழைய பிரிவிலும் இருந்தது. இடிந்தகரைப் பெண்களை அது காக்கவில்லையே!

சட்டத்தை விட்டு, அதன் பின்னிருக்கும் கருத்துக்கு வருவோம். நாட்டைத் தாயென்றும் தெய்வமென்றும் காணும் தேசியம் ஒன்று உண்டு. சிவா அத்தேசியத்தைச் சேர்ந்தவர். பாப்பாரப்பட்டியில் நிலம் வாங்கி, பாரதபுரம் எனப் பெயரிட்டு, பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப விழைந்தார். 1923-இல் வங்கத் தலைவர் சித்தரஞ்சன் தாசைக் கொண்டு அடிக்கல் நாட்டுவித்தார். கோயில் எழுமுன் அவர் மறைந்தார். பின்னாளில் தமிழக அரசு அங்கே நினைவாலயம் ஒன்றை அமைத்தது. 2022 ஆகஸ்டில் அதன் பூட்டை உடைத்துக் கட்சிக்காரர் உள்ளே புகுந்ததும், வழக்கும் கைதும் தொடர்ந்ததும் இம்மாவட்டம் அறிந்தவை.

சிவாவின் உள்ளத்தூய்மையில் எவருக்கும் ஐயம் இல்லை. ஆனால் அவருடைய உருவகத்தைத் திறனாய்வு செய்யும் உரிமை நமக்கு உண்டு. நாடு தெய்வமானால், குடிமகன் பக்தன் ஆகிறான். தெய்வத்திடம் பக்தன் கணக்குக் கேட்பதில்லை. கணக்குக் கேட்பவன் நாத்திகன்! பிறகு பூசாரி வருகிறார். தெய்வத்தின் பெயரால் அவர் பேசுகிறார். பூசாரியை எதிர்த்தால் தெய்வத்தை எதிர்த்ததாகிறது. பக்தி உள்ளவருக்கே இவ்வாறென்றால், வேறு தெய்வத்தை வணங்குவோரும் எத்தெய்வத்தையும் வணங்காதோரும் எங்கே நிற்பது? பல சமயமும் பல மொழியும் பல பழக்கமும் உள்ள மக்கள் ஒரே கோயிலுக்குள் நிற்க இயலாது. ஒரே மன்றத்தில் உட்கார இயலும். நாடு மன்றமாக இருக்கட்டும்.

இங்கே ஆசிரியர் என்ற முறையில் ஒரு வழக்கை நினைவூட்ட விரும்புகிறேன். 1985-இல் கேரளத்துப் பள்ளி ஒன்றில் மூன்று பிள்ளைகள் நாட்டுப்பண் ஒலிக்கையில் எழுந்து நின்றனர், ஆனால் பாடவில்லை. தங்கள் சமய நம்பிக்கை இடந்தராது என்றனர். பள்ளியிலிருந்து விலக்கப்பட்டனர். வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 1986 ஆகஸ்டு 11-இல் நீதிபதி சின்னப்ப ரெட்டி வழங்கிய தீர்ப்பு அப்பிள்ளைகளை மீண்டும் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. எழுந்து நின்றதே மதிப்பு. பாடித்தான் தீரவேண்டும் என்று எச்சட்டமும் இல்லை. சகிப்பு நம் மரபிலும் தத்துவத்திலும் அரசியல் சட்டத்திலும் உள்ளது, அதை நீர்த்துப்போக விடக்கூடாது என்பது அதன் சாரம். அப்பண்ணை இயற்றிய தாகூர், தேசியம் என்னும் கொள்கையையே கடுமையாகக் கண்டித்து 1916-இல் சப்பானிலும் அமெரிக்காவிலும் சொற்பொழிவாற்றியவர் என்பதையும் இங்கே சேர்த்து எண்ணுக. தேசிய வெறியைக் கண்டித்தவரின் பாட்டையே நாட்டுப்பண்ணாகக் கொண்ட நாடு இது! இவ்வளவு இடங்கொடுத்த வீட்டில், மூன்று குழந்தைகளின் மௌனத்துக்கு இடமில்லையா?

"இடங்கொடுத்தால் நாடு உடைந்துவிடுமே" என்பர் சிலர். அச்சம் பொய்யென்று ஒதுக்கமாட்டேன்; வரலாற்றைக் கொண்டு சோதிப்போம். 1962 மே முதல் நாள், மாநிலங்களவையில் அறிஞர் அண்ணா எழுந்து, திராவிட நாட்டுக்குத் தன்னுரிமை வேண்டும் என்றார். பிரிவினைதான் கேட்டார்; மறைக்கவேண்டியதில்லை. உறுப்பினர்கள் குறுக்கிட்டனர், மறுத்தனர், ஆயினும் பேசவிட்டனர். அவ்வாண்டு சீனப் படையெடுப்பு வந்தது; நாட்டின் பக்கம் நின்றார் அண்ணா. 1963-இல் பதினாறாம் திருத்தம் வந்து, தேர்தலில் நிற்போர் நாட்டின் ஒருமைப்பாட்டுக்கு உறுதி கூறவேண்டும் என்றது. தி.மு.கழகம் பிரிவினையைக் கைவிட்டது. 1965-இல் இந்தித் திணிப்புக்கு எதிராக மாணவர் எழுந்தனர், துப்பாக்கிகள் வெடித்தன, உயிர்கள் போயின. அந்தக் குருதிக்கறை ஆட்சியாளர் கையில் இருக்கிறது. ஆயினும் வாக்குச்சாவடியின் கதவு மூடப்படவில்லை. 1967-இல் அதே கழகம் ஆட்சி ஏறியது. அதே ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டு, ஆங்கிலம் நீடிக்க வழி பிறந்தது. 1969 சனவரியில் சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆயிற்று. பிரிந்துபோவேன் என்றவனை நாட்டோடு பிணைத்தது எது? சிறையா? 124-ஏ பிரிவா? பேச இடமும், வெல்ல வழியும், வென்றபின் மதிக்கும் மனமும் அல்லவா!

கடலுக்கு அப்பால் பாருங்கள். 1956-இல் சிங்களம் மட்டுமே என்றது இலங்கை. 1977 தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி தமிழர் பகுதிகளில் வென்று எதிர்க்கட்சி ஆயிற்று. 1983 சூலையில் தமிழர் கொன்று குவிக்கப்பட்டனர். அடுத்த மாதமே, ஆறாம் திருத்தம்! பிரிவினையை ஆதரிக்கமாட்டோம் என்று உறுதிமொழி எடுக்காதவர்க்கு நாடாளுமன்றத்தில் இடமில்லை. ஏறத்தாழ நம் பதினாறாம் திருத்தம் கேட்டதைத்தான் அதுவும் கேட்டது. ஆனால் இங்கே உறுதிமொழிக்குப் பின்னே ஒரு வாயில் திறந்திருந்தது. அங்கே எல்லா வாயிலும் அடைபட்டிருந்தன. கூட்டணி உறுப்பினர் இடங்களை இழந்தனர். பேசுவோர் வெளியேற்றப்பட்ட பின் துப்பாக்கிகளே பேசின, 2009 மே வரை. நாட்டைக் காப்பதாகச் சொல்லி வாயை அடைத்தனர். அந்நாட்டின் ஒரு தலைமுறையே அழிந்தது. மறுப்பவனை அடக்கிப் பெற்ற ஒற்றுமைக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

தமிழனுக்கு இது புதிய பாடமும் அன்று. இடித்துரைப்பார் இல்லாத மன்னன், கெடுக்கும் பகைவர் இல்லாதபோதும் கெடுவான் என்பது வள்ளுவர் கருத்து. எங்கள் தகடூரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதியமான் பரிசில் தரக் காலம் தாழ்த்தினான் என்று சினந்து, அவன் வாயிற்காவலனிடமே, எங்குச் சென்றாலும் எமக்குச் சோறு கிடைக்கும் என்று ஔவை பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. அரண்மனை வாயிலில் நின்று அரசனைப் பழித்த பெண் அவள். அவளைத் தகடூரின் துரோகி என்று எவரும் எழுதிவைக்கவில்லை. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவளும் அவளே. அவன் மாண்டபோது நெஞ்சுருகிப் பாடியவளும் அவளே. கடிந்து பேசியவளே கடைசிவரை நின்றாள். புகழ்ந்து பரிசில் பெற்றுப் போனவர் எத்தனை பேரோ!

ஆகவே நண்பர்களே, சட்டம் மாறவேண்டும் என்று கேட்போம். 152-ஆம் பிரிவில் உணர்வைத் தேடும் சொற்களை நீக்கி, வன்முறையை மட்டும் தண்டிக்கும்படி அதைச் சுருக்கவேண்டும் என்று கேட்போம். எவர் ஆண்டாலும் கேட்போம். ஆனால் சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று நம் கையில் இருக்கிறது. தேசத்துரோகி என்ற சொல்லை வகுப்பிலும் மேடையிலும் ஏட்டிலும் வீட்டிலும் விலக்குவோம். எவரேனும் எவரையேனும் அப்பெயரால் அழைக்கும்போது, "அவர் குறை சொன்னது நாட்டையா, ஆட்சியையா?" என்ற ஒரே கேள்வியைக் கேட்போம். மாணவர்க்கும் அக்கேள்வியைக் கற்றுக்கொடுப்போம். பாப்பாரப்பட்டியில் மாலையணிவிக்கச் செல்வோர் அனைவரும், எக்கொடி பிடித்தாரும், அக்கேள்விக்கு விடை சொல்லிவிட்டு மாலையைத் தூக்கட்டும். ஏனெனில் அங்கே உறங்குபவர், ஆட்சியைக் குறை சொன்னதற்காகத் தண்டிக்கப்பட்டவர்.